பூசி மெழுகியது

உடலைத் தூக்கி நான்கு பீப்பாய்களின் மேல் வைத்தாயிற்று.
சல்மாபாத் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம்
அறுபத்தேழாம் வருடத்து டிரையம்ப்
இப்போது இரண்டு வண்டி:
மேலே சிவப்பாய் ஓர் ஓடு,
கீழே படுத்த ஏணிபோல் கறுப்பாய் ஒரு சேஸி.
விற்கிறவன் காட்டுவது மேலே இருப்பதை.
எனக்குக் கீழே இருப்பதோடுதான் வேலை.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறேன்.
ணங். ணங். ணங்.
பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், வலப்பக்கம்,
தொப்.
பலாப்பழம் வாங்குகிறவனைப்போல் காதை வைத்து
இன்னொரு தட்டு.
தொப்.
ஸ்குரூடிரைவர் என்னைக் கேட்காமலே உள்ளே போனது.

வெளியிலிருந்து தின்கிறது துரு என்றுதான் பேச்சு.
இந்த இரும்போ உள்ளே கூடு.
ஆகஸ்ட் ராத்திரியின் காற்று நுழைந்து, வியர்த்து,
விடிந்ததும் கிளம்பிப்போகும்,
கடலின் உப்பை மட்டும் வைத்துவிட்டு.
வேப்பலோடை உப்பளத்துக்காரனுக்கு
இதை ஒருத்தர் சொல்லித்தர வேண்டாம்.

தாரைச் சுரண்டினால் பட்டி.
பட்டியைச் சுரண்டினால் ஒரு தகடு.
தகட்டில் பாதி மஞ்சள் எழுத்து: பால்பவுடர் டின்.
அதைச் சுற்றி ஓடிய வெல்டிங் வரி
செதில் செதிலாய்த் தப்புப் பக்கம் சாய்ந்திருந்தது.

கிரைண்டரை நிறுத்தினேன்.

இந்தத் தீவில் எனக்குத் தெரிந்து
இடக்கையால் வெல்டிங் வைக்கிறவன் ஒருத்தன்தான்.

அப்போது வண்டி பச்சை. இடம் சித்ரா.
காரைக்கால் ஜக்கரியாவின் ஷெட்.
“காலையில பாசிங்.
ராவோட ராவா பூசி மெழுகிடு.”
வந்து நாலு மாசம், விசாக் கடனில் மூணு பங்கு பாக்கி.
டின்னை வெட்டி, ஒட்டி, பட்டி இழுத்து,
தாரை ஊற்றினேன். பளபளத்தது.
பாசிங்கும் ஆனது.
ஐந்து தினார் தந்தார். வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் பத்ரியா வந்தார்.
துருவித் துருவிக் கேட்கிறவர்.
குனிந்து, ஓட்டைக்குள் டார்ச் அடித்து,
“யார் செய்தது இது?”
“பழைய ஆள், மேடம்.”
“ஊருக்குப் போய்விட்டானா?”
“இல்லை. இங்கேதான்.”
“இன்னும் இதே வேலையா?”
“இதே வேலைதான்.”
டின்னைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.
என்னை எடுக்கவில்லை.

முதலில் மூலைக்கு மூலை அளந்து
குறுக்குக் கம்பி வைத்துக் கட்டினேன்;
அழுகலை அறுக்கும்போது
நல்ல இரும்பும் முறுக்கிக்கொள்ளும்.
பிறகு வெட்டினேன். நல்லது தொடங்கும் இடம்வரை,
அதற்கும் இரண்டு விரற்கடை தாண்டி.
இரண்டு மில்லி தகடு. அவசரமில்லாத வரி.
சாய்வு மட்டும் அதே சாய்வு. அதை என்ன செய்ய?

மணல் அடித்தது பர்வேஸ்.
முடித்ததும் மீன்வயிற்று நிறத்தில் கிடந்தது சேஸி.
“கை வைக்காதே,” என்று கத்தினான். வைத்துவிட்டேன்.
பிரைமர் கலக்கிக்கொண்டு திரும்புவதற்குள்
என் பெருவிரல் ரேகை
மஞ்சளாய் எழுந்து நின்றது.
தேய்த்து எடுத்தேன்.

துத்தநாகம் ஒரு பூச்சு. எபாக்ஸி இரண்டு.
ராத்திரி ஈரத்தில் அடிக்கக் கூடாதென்று
தினமும் பதினொரு மணி வெயிலுக்குக் காத்திருந்தோம்.
ரஷீத் பில் போடக் கேட்டபோது
வலப்பக்கத்து ஒன்பது மணி நேரத்தைச் சொல்லவில்லை.
“குறைகிறதே?” என்றான்.
“முன்பணம் வாங்கியிருக்கிறேன்” என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை; எழுதிக்கொண்டான்.

கடைசியாக மெழுகு.
நீளக் குழாயைக் கூட்டுக்குள் விட்டு
இழுத்து இழுத்து அடிக்கிறேன்.
கண்ணுக்குத் தெரியாத இடம். கையும் எட்டாது.
டாக்டரும் பார்க்கப் போவதில்லை,
பாசிங்காரனும்.
அடியில் நான் போட்ட துளையில்
முதலில் ஒன்றுமில்லை.
கம்ப்ரசர் நின்றது. பங்க்காச் சத்தம் மட்டும்.

அப்புறம் சொட்டியது,
தேன் நிறத்தில், மெதுவாக.
தரை வீணாகாமல் கீழே எதையாவது வைக்கத் தேடினேன்.
அந்த டின் தகடுதான் கிடந்தது.